கைகளால் பெயர்க்கப்படாத கல்

திருகோணமலை,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள மச்சான்,

உன் குரல் பதிவு வந்து பத்து நாளாகிறது. பதில் பிந்தியதற்கு முழங்கால் வலியைச் சாட்டாகச் சொல்லலாம், ஆனால் உண்மையில் சோம்பல்தான். இங்கே எல்லாரும் சுகம். மழை இன்னும் இறங்கவில்லை, கிணற்றில் அடிக்கல் தெரிகிறது. சின்னவள் கொழும்பு வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிட்டாள். ஏன் என்று இன்னும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நீ அனுப்பிய பிரசங்கத்தை இரண்டு தரம் கேட்டேன். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் கனவில் கண்ட சிலையின் பத்துக் கால்விரலும் ஐரோப்பாவின் பத்து நாடுகள்தான் என்று மனிதர் அடித்துச் சொல்கிறார். பொன் தலை, வெள்ளி மார்பு, வெண்கல வயிறு, இரும்புக் கால் என்று நின்ற சிலையை ஒரு கல் மோதி நொறுக்கி, மலையாகி, பூமியை நிரப்பிய கனவு அது. உலோகங்கள் நான்கு ராஜ்யங்கள், கல் கடவுளின் ஐந்தாம் ராஜ்யம் என்பது தானியேல் சொன்ன விளக்கம். தானியேல் இரண்டாம் அதிகாரத்தை எடுத்து ஒருதரம் வாசித்துப் பார். விரல்கள் பாதி இரும்பு, பாதி களிமண் என்று இருக்கிறது. பத்து என்ற எண் அங்கே இல்லவே இல்லை. பத்துக் கொம்பு வருவது ஏழாம் அதிகாரத்து மிருகத்துக்கு. இரண்டாம் அதிகாரத்தில் ராஜாவைப் பார்த்துச் சுட்டிச் சொன்னது ஒன்றே ஒன்று: "பொன்னான அந்தத் தலை நீரே." வெள்ளி யார், வெண்கலம் யார், இரும்பு யார் என்று தானியேல் வாய் திறக்கவில்லை. எட்டாம் அதிகாரத்தில் ஆட்டுக்கடாவை மேதியா, பெர்சியா என்றும் வெள்ளாட்டுக்கடாவைக் கிரேக்கு என்றும் சொல்வதால், பாபிலோன், மேதிய-பெர்சியா, கிரேக்கம், ரோமா என்ற பழைய வரிசையே எனக்குச் சரியாகப் படுகிறது. மேதியாவையும் பெர்சியாவையும் பிரித்து எண்ணி, கிரேக்கத்தோடு நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அது பெரிய சண்டை, இப்போது வேண்டாம்.

நான் சொல்ல வந்தது வேறு. போன சனிக்கிழமை, கோணேசர் கோயிலுக்குப் போன பக்கத்து வீட்டுக்காரரோடு கோட்டை வாசல் வரைக்கும் நடந்தேன். வாசல் கல்லில் அந்த இரட்டை மீன் நினைவிருக்கிறதா? கிட்டப் போய் விரலால் தடவிப் பார்த்தேன். செதில் தேய்ந்துவிட்டது, வால் மட்டும் இன்னும் துலக்கம். பக்கத்தில் உடைந்த எழுத்துகள். பின்னால் ஒரு மான் வந்து என் பையை முகர்ந்தது. உள்ளே இருந்த வாழைப்பழத்தை எடுக்கும் வரைக்கும் அது விடவில்லை.

அந்தக் கல்வெட்டை வைத்து உன் அப்பாச்சி சொல்லும் பாட்டு ஞாபகம் வந்தது. குளக்கோட்டன் என்ற பழைய ராஜா கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கீசன், பிரிப்பான், பிறகு பூனைக்கண், செங்கண், புகைக்கண் என்று ஒருவன் பின் ஒருவன் ஆள்வான், கடைசியில் வடுகாய்விடும், அதாவது வடுகர் கைக்குப் போய்விடும் என்று. கல்லில் மிஞ்சியது கொஞ்ச எழுத்துத்தான், மிச்சத்தைச் சனத்தின் வாய் நிரப்பிவிட்டது. யார் பூனைக்கண், யார் புகைக்கண் என்று அன்றும் நமக்குள் அடிபிடிதான். இப்போது ஒரு பெடியன் இந்தியக் கம்பனி கைவைத்த சீனன்குடா எண்ணெய்க் குதங்களைக் காட்டி, வடுகு என்றால் இந்தியா என்கிறான். உன் போதகரின் பத்து விரலும் இதே கணக்குத்தான், மச்சான்.

அது நடந்த பிறகு கட்டிய பாட்டு என்பாய். இருக்கலாம். தானியேலைப் பற்றியும் 3 ஆம் நூற்றாண்டிலேயே போர்பிரி என்ற தத்துவஞானி இதையேதான் சொன்னான்: பிற்பாடு யூதரை ஒடுக்கிய கிரேக்க ராஜா அந்தியோகஸ் காலத்தில் உட்கார்ந்து எழுதியது என்று. அதுவே உண்மையானாலும் எனக்குத் தூக்கம் கெடாது. மிதிபடுகிறவனுக்கு, மிதிக்கிறவனின் கால் களிமண் என்று சொன்ன புத்தகம் அது.

இப்போது வாசலில் நின்று என்னை உறுத்தியதைச் சொல்கிறேன். 1620களில் கோயிலை இடித்து அந்தக் கற்களைக் கோட்டைக்கு எடுத்த போர்த்துக்கீசர் சிலுவையோடு வந்தவர்கள். அவர்கள் நாட்டில் அந்தோனியோ வியெரா என்ற இயேசு சபைக் குரு, தானியேல் சொன்ன ஐந்தாம் ராஜ்யம் போர்த்துக்கல்தான் என்று எழுதினார். கல்லாக உருண்டுவந்து உலகத்தை நிரப்பப்போவது தாங்கள்தானாம்! அவர் எழுதத் தொடங்கும்போதே இந்தக் கோட்டை 1639 இல் ஒல்லாந்தர் கைக்குப் போயாயிற்று. ஏறக்குறைய 15 வருஷ ஆட்சி. 1782 ஐப் பார், ஜனவரியில் ஆங்கிலேயன், ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரன். ஒரே வருஷத்தில் இரண்டு கொடி.

லண்டனிலும் 1661 இல் ஒரு கூட்டம், ஐந்தாம் ராஜ்யம் வந்துவிட்டது என்று வாளோடு தெருவில் இறங்கியது. சில நாளில் அடங்கிப்போனது. இவர்களை விட, வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் எவ்வளவோ மேல். 407 இல் தன் சொந்த ரோமாவையே பார்த்து, இரும்பும் களிமண்ணும் இதுதான், இப்போது அந்நியன் துணையில்லாமல் நிற்க முடியவில்லை என்று எழுதினார். மூன்று வருஷத்தில் கோத்தியர் என்ற அந்நிய இனத்தார் ரோமா நகரத்துக்குள் புகுந்தார்கள்.

நம்முடைய வேதப்புத்தகத்தில் அந்த வசனத்தின் சொல்லைக் கவனி: "கைகளால் பெயர்க்கப்படாத ஒரு கல்." வெட்டப்படாத என்று இல்லை, பெயர்க்கப்படாத. அந்தச் சொல்லை எத்தனை தரம் வாசித்திருப்பேன், அந்த வாசலில் நின்றபோதுதான் விளங்கியது. அந்தக் கோட்டையில் இருப்பது இன்னொருவன் கும்பிட்ட இடத்திலிருந்து கையால் பெயர்த்த கல். அதை வைத்துக் கட்டுகிற எதுவும், மேலே என்ன கொடி பறந்தாலும், அந்த ராஜ்யம் ஆகாது. இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்ல வாய் வந்தது. அவர் கையில் அர்ச்சனைத் தட்டு. பேசாமல் இருந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு வேதபாட வகுப்பில் இதைப் பேசச் சொல்லி எங்கள் சபை ஐயர் கேட்டிருக்கிறார். வியெரா பற்றிச் சொன்னால் நம் கத்தோலிக்க மச்சான்மார் முறைப்பார்கள், லண்டன்காரரைச் சொன்னால் நம் புரொட்டஸ்தாந்துக்காரர். இரண்டையும் சொல்லப்போகிறேன்.

சித்திரையில் வருவாய் என்றாயே, டிக்கெட் போட்டாயா? வந்தால் தம்பலகாமத்து எருமைத் தயிர் ஒரு சட்டி சொல்லிவைக்கிறேன். உன் அப்பாச்சியின் பாட்டில் ஏதாவது அடி ஞாபகம் இருந்தால் எழுதி அனுப்பு. எனக்கு நடுவில் ஒரு வரி விட்டுப்போகிறது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்