பகோடா ஸ்திரீட்டின் கோபுரம்

ஆசிரியருக்கு,

சிங்கப்பூர் சைனாடவுனின் நடைச் சுற்றுலாவுக்குத் தொண்டூழிய வழிகாட்டிகள் தேவை என்ற செய்தியைப் படித்தேன். சீனம் தெரிந்தவர்களின் வேலை என்று நம்மவர்கள் ஒதுங்கிவிடக் கூடாது. நான்கு ஆண்டுகளாக அங்கே வழிகாட்டும் எனக்குத் தெரிந்த சீனம், சாப்பாடு வாங்கத்தான் போதும்! பகோடா ஸ்திரீட்டில் பயணிகள் சீன பகோடாவை, அதாவது அடுக்குக் கோபுரத்தைத் தேடுவார்கள். அந்தப் பெயர் வந்ததே 1827இல் நாராயண பிள்ளை நிறுவிய மாரியம்மன் கோயிலின் கோபுரத்தால் என்றதும் அண்ணாந்து பார்ப்பார்கள். தெலுக் ஆயரிலோ, 1842இல் கட்டி முடித்த தியான் ஹாக் கெங் சீனக் கோயில் இருக்கும் அதே தெருவில்தான் நாகூர் தர்காவும். அப்புறம் எப்படி இது சீனர் கதை மட்டும் ஆகும்?

ஏற்பாட்டாளர்கள் பயிற்சிக் குறிப்புகளைத் தமிழிலும் தந்து, மாதம் ஒரு முறையாவது தமிழிலேயே ஒரு நடையை நடத்தலாம்.

- வாசகர், சிங்கப்பூர்