மனையின் எல்லையோடு மலை முடிவதில்லை: கட்டட அனுமதி வழங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: நீலகிரி உள்ளிட்ட தமிழக மலைப்பகுதிகளில் மனைப்பிரிவுகளுக்கும் கட்டடங்களுக்கும் அனுமதி வழங்கும் அலுவலர்கள்

மதிப்பிற்குரிய அம்மையீர், ஐயா,

வணக்கம். மலைப்பகுதியில் நிலம் சரிந்து உயிர்கள் போகும்போதெல்லாம் ‘வரலாறு காணாத மழை’ என்ற விளக்கம் தவறாமல் வந்துவிடுகிறது. அது பொய்யில்லை. ஆனால் மழை தள்ளிவிடும் மண்ணை அந்தச் சரிவில் சேர்த்து வைத்தது எது, அது எந்த வழியாக இறங்கும் என்ற கேள்விகளுக்கு அந்த விளக்கத்தில் பதில் இல்லை. பள்ளிப் பாடத்தில் பாறைச் சிதைவை மெதுவான மாற்றம் என்றும் நிலச்சரிவை விரைவான மாற்றம் என்றும் தனித்தனியாகப் பிரித்துப் படித்தோம். அந்தப் பிரிவினையே அனுமதிக் கோப்புகளிலும் தொடர்கிறதோ என்ற ஐயத்தில்தான் இம்மடலை எழுதுகிறேன்.

நீலகிரியின் அடித்தளம் சார்னோக்கைட் என்னும் கடினமான பாறை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையது. குன்னூரிலிருந்து கோத்தகிரி செல்லும் வழியில் சாலைக்காக வெட்டிய எந்தச் சரிவின் முன்னும் சற்று நின்று பாருங்கள். மேலே புல்லும் கருமண்ணும், அதன்கீழ் ஆள் உயரத்தைத் தாண்டிய செம்மண், அந்தச் செம்மண்ணுக்குள் புதைந்த உருண்டைப் பாறைகள் எனப் படிப்படியாகத் தெரியும். அந்தப் பாறைகளின் மேற்புறம் வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக உரிந்து நிற்கும். ஓர் அடுக்கை விரலால் அழுத்தினால் பொடிந்துவிடும். விரிசல்களின் வழியே இறங்கிய மழைநீர் பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் என்னும் கனிமத்தைக் களிமண்ணாக மாற்றுகிறது. இரும்பு துருவேறிச் செந்நிறம் தருகிறது. சில அங்குல மண் உருவாவதற்கே பல நூற்றாண்டுகள் ஆகும் என்றால், இங்கே சில இடங்களில் பத்து மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு மண் திரண்டிருப்பதன் பொருளை நீங்களே எண்ணிப் பாருங்கள். அந்த மண்ணும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டுக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவு கீழ்நோக்கி நகர்ந்து, மலையின் மடிப்புகளிலும் ஓடைகளின் தலைப்பகுதிகளிலும் போய்த் தங்குகிறது.

இனி மழைக்கு வருவோம். 2019 ஆகஸ்ட் 8 அன்று நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த அளவு மழை ஒரு சென்ட் நிலத்தில் பெய்தால் சுமார் 33,000 லிட்டர் நீர். அது முழுவதும் வழிந்தோட இடமிருந்தால் பாதி அபாயம் குறையும். மண்ணுக்குள் இறங்கும் நீர், கீழே சிதையாத பாறையில் முட்டித் தேங்குகிறது. துகள்களுக்கு இடையே நீரின் அழுத்தம் ஏற ஏற, மண்ணின் எடையில் ஒரு பகுதியை நீரே தாங்கத் தொடங்குகிறது, துகளுக்கும் துகளுக்கும் இடையிலான உராய்வு குறைகிறது. ஆயிரமாயிரம் ஆண்டுகள் சேர்ந்த மண் சில நிமிடங்களில் கீழே வந்துவிடுவது இப்படித்தான். அவலாஞ்சியில் அம்மழை பதிவான அதே நாளில்தான் கேரளத்து வயநாட்டின் புத்துமலையும் சரிந்தது. அதன் அருகிலேயே 2024 ஜூலை 30 அன்று முண்டக்கை, சூரல்மலை ஊர்களை அழித்த சேற்றுப் பெருக்கு, மலைமேல் தொடங்கி ஓடையின் வழியே பல கிலோமீட்டர் இறங்கியது. மண் சரிந்த இடத்தில் ஊர் இருக்கவில்லை. அது வந்து சேரும் வழியில் இருந்தது.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் லயன் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த 70 பேர் மண்ணில் புதைந்தனர். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மலைச்சரிவின் அடியில் ஓடையோரமாக எங்கே சமதளம் கிடைக்கிறதோ அங்கேதான் லயன்கள் அமைகின்றன. அத்தகைய சமதளங்களில் பல, முன்பொரு காலத்தில் மேலிருந்து இறங்கிய மண் விரிந்து படிந்தவையே. வீடு கட்ட வசதியான இடம் என்று நாம் கருதுவது, முந்தைய நிலச்சரிவு விட்டுச்சென்ற இடமாகவே இருக்கக்கூடும்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே: மனையை மட்டும் பார்த்து அனுமதி தராதீர்கள். விண்ணப்பத்தோடு வரும் வரைபடம் பெரும்பாலும் மனையின் எல்லையோடு நின்றுவிடுகிறது. இந்திய நிலவியல் ஆய்வு மையம் தயாரித்துள்ள நிலச்சரிவு வாய்ப்பு வரைபடங்கள் மிகவும் பயனுள்ளவை. ஆயினும் அவை 1:50,000 அளவில் அமைந்தவை, அதாவது வரைபடத்தின் ஒரு மில்லிமீட்டர் தரையில் 50 மீட்டர். பத்து சென்ட் மனை அதில் ஒரு புள்ளிக்குள் மறைந்துபோகும். அந்தப் புள்ளி ‘மிதமான வாய்ப்பு’ என்ற நிறத்தில் இருப்பதாலேயே அங்கே பொக்லைன் இறக்கலாம் என்று ஆகிவிடாது.

மனைக்கு மேலே உள்ள சரிவை முகடுவரை நடந்து பார்க்க ஒருவரை அனுப்புங்கள். நிலவியல் படித்தவராக இருந்தால் மிக நன்று. அடிமரம் வளைந்து மீண்டும் நேராக எழும் மரங்கள், சாய்ந்த மின்கம்பங்கள், மழை நின்று நாளாகியும் கசியும் மண், சரிவின் குறுக்கே பிறைபோல் ஓடும் விரிசல் ஆகியவை அங்கே மண் நகர்கிறது என்பதற்கான சான்றுகள். ஊர்ப் பெரியவர்களிடம் பழைய ஓடை எது, எப்போது மூடப்பட்டது என்று கேட்டு, அந்தப் பதிலையும் கோப்பில் சேருங்கள். சரிவின் அடியை வெட்டி மட்டம் செய்து, வெட்டிய இடத்தில் தடுப்புச் சுவர் எழுப்புவதோடு பணி முடிந்ததாகக் கருதுகிறோம். சுவருக்குப் பின்னே தேங்கும் நீர் வெளியேற வழியில்லையென்றால் அந்தச் சுவரே ஓர் அணை.

மலையில் யாரும் வீடு கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இங்கே பிறந்தவர்களுக்கும் வீடு வேண்டும். விதிகள் கடுமையாகும்போது பணம் படைத்தோர் வழி கண்டுபிடித்துக்கொள்ள, ஓடையோரத்துக்குத் தள்ளப்படுவோர் ஏழைகளே என்பதையும் அறிவேன். அதனால்தான் மேற்சரிவு ஆய்வின் செலவை விண்ணப்பதாரர் தலையில் சுமத்தாமல் அரசே ஏற்க வேண்டும் என்கிறேன்.

நீலகிரியின் மேற்குச் சரிவுகளைத் தென்மேற்குப் பருவமழையும், குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தை வடகிழக்குப் பருவமழையும் தாக்குகின்றன. 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நிலச்சரிவுகள் இந்த இரண்டாம் பருவத்தில் நிகழ்ந்தவை. கிழக்குச் சரிவுகளில் நிலுவையிலுள்ள விண்ணப்பங்களை அக்டோபருக்கு முன் இந்தக் கண்ணோட்டத்தில் மறுபடி பார்வையிட்டு, ஆய்வுக் குறிப்பைப் பொதுமக்கள் படிக்கும்படி ஊராட்சி, நகராட்சி அலுவலகங்களில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மலையில் வாழும் புவியியல் ஆசிரியர் ஒருவர்