பூட்டுப் படம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

'இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும்' என்று குறுஞ்செய்தியில் லிங்க் வந்தால், முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். பாதிதான் சரி. நாம் அனுப்பும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதே பூட்டின் பொருள். எதிர்முனையில் இருப்பவர் யோக்கியரா என்று அது சொல்லாது. மோசடித் தளத்துக்கும் பூட்டு கிடைக்கும், இலவசமாகவே!

தளம் யாருடையது என்று அறிய லிங்க்கின் முகவரியைப் பாருங்கள். அதன் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை (//) விட்டுவிடுங்கள். அதற்கடுத்த முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருப்பதே தளத்தின் உண்மையான பெயர். தமிழக அரசுத் தளங்கள் பெரும்பாலும் அங்கே 'டிஎன் புள்ளி கவ் புள்ளி இன்' என்று முடியும். மோசடிக்காரரும் தன் தளத்தின் பெயருக்கு முன்னால் 'கடலூர்' என்று எழுதிக்கொள்ளலாம்; முடிவைத்தான் பார்க்க வேண்டும்.

யுபிஐயில் பணம் பெற பின் எண் தேவையில்லை. பணம் பறிபோனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்