உள்ளங்கால் மச்சமும் 12 நாளும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உள்ளங்காலில் மச்சம் இருந்தால் ஊர் ஊராகச் சுற்றுவான் என்பார் என் பாட்டி. நான் காட்பாடியைத் தாண்டியதே குறைவு, சரி, அது போகட்டும். போன மாதம் அந்த மச்சம் பெரிதானதுபோலத் தோன்ற, தோல் மருத்துவரிடம் நேரம் கேட்டால் 12 நாள் கழித்து வரச் சொன்னார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு செல்போன் டார்ச் அடித்து, பையனின் ஸ்கேலை வைத்து அளப்பேன், காலையில் ஒரு அளவு, இரவில் ஒரு அளவு, கடைசியில் குதிகால் வெடிப்புகூடப் புற்றுநோயாகத்தான் தெரிந்தது.

பயம் முழுக்க அசட்டுத்தனம் என்றும் சொல்ல முடியாது. நம் கருத்த தோலில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் அரிதுதான், ஆனால் வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வருகிறது. மச்சத்தின் இரு பாதியும் ஒத்துப்போகாமலோ, ஓரம் கோணலாகவோ, பல நிறமாகவோ, 6 மில்லிமீட்டருக்கு மேலோ இருந்தாலோ, மாறிக்கொண்டே வந்தாலோ காட்டிவிட வேண்டும். அதற்காக ஒரு நாளைக்கு இருபது தடவை பார்த்தால் மாற்றம் தெரியுமா? பக்கத்தில் ஸ்கேலை வைத்து ஒரே ஒரு போட்டோ எடுத்துவிட்டு, செல்போனை மனைவியிடம் கொடுத்தேன். அப்புறம் சாயங்காலம் வேலூர்க் கோட்டை அகழியோரம் நடை. தூக்கம் கொஞ்சம் வந்தது.

மருத்துவர் லென்ஸ் கருவியில் ஐந்தே நிமிடம் பார்த்து, சாதாரண மச்சம் என்றார்.

நேரம் ஒதுக்கும்போதே, 'ரத்தம் கசிந்தாலோ வேகமாக வளர்ந்தாலோ முன்னாலேயே வாருங்கள்' என்று ஒரு வரி சொல்லக்கூடாதா மருத்துவமனைகள்?

இப்படிக்கு,
ஒரு வாசகர், காட்பாடி