துறைத் தலைவருக்கு ஒரு கடிதம்: மாணவியருக்கு வழிகாட்டுவது யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வு மாணவியர் அனைவரும் இனித் துறையின் ஒரே பெண் பேராசிரியரையே வழிகாட்டும் ஆலோசகராகக் கொள்ள வேண்டும் என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். அவர்கள் தயக்கமின்றிப் பேச ஓர் இடம் வேண்டும் என்ற உங்கள் அக்கறையில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அந்த ஏற்பாட்டைக் கைவிடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

வழிகாட்டுதல் ஆறுதல் சொல்வதோடு முடிவதில்லை. ஆய்விதழிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் குறிப்புகளில் எதை ஏற்பது, எதற்கு மறுப்பு எழுதுவது என்று உடன் உட்கார்ந்து வரிவரியாகப் பார்ப்பதும், கருத்தரங்கில் மூத்த ஆய்வாளர் ஒருவரிடம் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்துவதும், நிதிநல்கைக் குழு கூடும்போது, அங்கே இல்லாத மாணவியின் பெயரை யாரும் கேட்காமலேயே எடுத்துச் சொல்வதும் அதில் அடங்கும். அந்தக் குழுக்களில் இன்று அமர்ந்திருப்பவர்கள் நீங்களும் உங்கள் ஆண் சகாக்களும்தாம். உங்கள் ஏற்பாட்டால் மாணவியருக்கு ஆலோசனை கிடைக்கும். வாய்ப்புகள் மட்டும் வழக்கம்போல் வேறு அறையில் முடிவாகும்.

பெண் ஒருவரிடம் ஒப்படைத்தாலே பாகுபாடு நீங்கிவிடும் என்பதற்கும் உறுதியில்லை. 2012 இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வொன்றில், ஆய்வக மேலாளர் பணிக்கான ஒரே விண்ணப்பம் 127 அறிவியல் பேராசிரியர்களின் மதிப்பீட்டுக்கு அனுப்பப்பட்டது. சிலருக்கு அது ஆண் பெயரிலும் மற்றவர்களுக்குப் பெண் பெயரிலும் சென்றது. ஆண் பெயருக்குச் சராசரியாகச் சுமார் 30,200 டாலர் ஊதியம் தரலாம் என்றவர்கள், பெண் பெயருக்குச் சுமார் 26,500 டாலர் என்றார்கள். வழிகாட்ட முன்வந்த ஆர்வமும் பெண் பெயருக்குக் குறைவாகவே இருந்தது. மதிப்பிட்ட பெண் பேராசிரியர்களும் இதற்கு விலக்கல்லர்.

இதற்கு எதிர்ச்சான்றாக, 2017 இல் வெளியான ஆம்ஹர்ஸ்ட் ஆய்வை நீங்கள் சுட்டக்கூடும், சுட்டுவது நியாயமும்கூட. மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் அவ்வளாகத்தில், மூத்த மாணவியரை வழிகாட்டிகளாகப் பெற்ற பொறியியல் மாணவியரில் ஒருவர்கூட முதலாண்டில் அத்துறையை விட்டு விலகவில்லை. ஆனால் அங்கே வழிகாட்டியவர்கள் சில ஆண்டுகளே மூத்த மாணவியர். ஏற்கெனவே சுமை மிகுந்த ஒற்றைப் பேராசிரியர் அல்லர். அப்படியொரு திட்டத்தைத் தொடங்குங்கள், மகிழ்ச்சியோடு வரவேற்பேன். அது உங்கள் பொறுப்பை விடுவிக்காது என்பதே என் வாதம்.

அந்தப் பேராசிரியரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். பதவி உயர்வு நேர்காணலில் கட்டுரைகளைத்தான் எண்ணுவார்கள். மாணவியருக்காக அவர் செலவிட்ட மாலைகளுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இருப்பதில்லை.

தனியறையில் மாணவியரைச் சந்தித்தால் பேச்சு எழும் என்று ஆண் பேராசிரியர்கள் அஞ்சுவதாகவும் கேள்விப்பட்டேன். அதற்குத் தீர்வு எளிது: சந்திப்பு நேரத்தைப் பலகையில் எழுதுங்கள், கதவைத் திறந்து வையுங்கள், மாணவர்களுக்கும் அதே விதியைக் கடைப்பிடியுங்கள்.

ஆகவே ஆய்வு மாணவியரைத் துறை ஆசிரியர்கள் அனைவருக்கும் சமமாகப் பகிர்ந்தளித்து, வழிகாட்டும் நேரத்தைப் பணிச்சுமைக் கணக்கில் சேர்த்துப் புதிய சுற்றறிக்கை ஒன்றை வெளியிடுங்கள். அதற்கு முன், நீங்கள் அண்மையில் எழுதிய பரிந்துரைக் கடிதங்களை எடுத்து, மாணவர்களுக்கு எழுதியவற்றையும் மாணவியருக்கு எழுதியவற்றையும் அருகருகே வைத்துப் படியுங்கள். யாரை 'கூர்மையான சிந்தனையாளர்' என்றும், யாரை 'பொறுமையான உழைப்பாளி' என்றும் எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற சக ஆசிரியை