பெரியப்பாவுக்கு ஒரு சோளச் சக்கை பைப்

செயிண்ட் லூயிஸ், மிசூரி

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். இங்கே குளிர் கொல்கிறது. வீட்டுக்குள் புகைக்கக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே போட்டிருக்கிறார்கள். அதனால் கம்பளித் தொப்பியோடு வாசற்படியில்தான் என் பைப்பும் நானும். (இதை அம்மாவிடம் காட்ட வேண்டாம்.)

நல்ல புரூயேர் (மரவேர்க்கட்டை) பைப் ஒன்று வாங்கி அனுப்பச் சொன்னீர்கள். வாங்கவில்லை. கோபப்படாமல் மேலே படியுங்கள்.

இங்கிருந்து மேற்கே ஒரு மணி நேரம் போனால், மிசூரி ஆற்றங்கரையில் வாஷிங்டன் என்று ஒரு சிற்றூர். தலைநகரம் இல்லை, இது வேறு. மக்காச்சோளச் சக்கையில் பைப் செய்யும் தொழில் 1869 முதல் அங்கே நடக்கிறது. நம் கடற்கரைச் சாலையில் சுட்ட சோளம் தின்றுவிட்டு வீசுகிறோமே, அதே சக்கைதான். ஆனால் பைப்புக்கென்றே சக்கை தடித்த ரகத்தைப் பயிரிடுகிறார்கள். நன்றாகக் காயவைத்து, குடைந்து, மேலே உள்ள குழிகளைப் பாரிஸ் சாந்தால் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) அடைக்கிறார்கள். ஹென்றி டிபி என்ற டச்சுக்காரக் கடைசல்காரர் 1878இல் இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1945இல் ஜப்பானில் வந்திறங்கிய அமெரிக்க ஜெனரல் மெக்கார்தர் வாயில் இருந்ததும் சோளச் சக்கை பைப்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்த உங்களுக்குத் தெரியாததா!

பிரான்சின் சேன் க்ளோத் ஊரில் செய்த உங்கள் புரூயேர் பைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் புது புரூயேரைப் பழக்குவதற்குள் நாக்கு வெந்துவிடுகிறது. ஒருநாள் புகைத்தால் மறுநாள் ஓய்வு கொடுக்க வேண்டும். நீங்கள் அதை மூக்கோரம் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவதைப் பார்த்திருக்கிறேன், புகைத்த நேரத்தைவிடத் துடைத்த நேரம்தான் அதிகம். சக்கைக்கு இந்தச் சீராட்டெல்லாம் கிடையாது. முதல் நாளே இதமாக இழுக்கலாம், ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். விலை, இங்கே ஓட்டலில் ஒருவேளைச் சாப்பாட்டுக் காசு. கீழே விழுந்தாலும் நெஞ்சு பதறாது.

சக்கை பைப்பில் புகையிலை வைக்கும் கிண்ணத்துக்குள் மரக்குழல் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும், அமைப்பே அப்படித்தான். அடிவரை இழுக்காதீர்கள், கருகி ஓட்டை விழும். சூடாக இருக்கும்போது வாய்க்குழலைப் பிடுங்கவும் வேண்டாம். ஆரம்பத்தில் சோளம் வறுத்த வாசனை வரும், அப்புறம் போய்விடும்.

ஊருக்கு வரும் நண்பரிடம் இரண்டு கொடுத்தனுப்புகிறேன். ஐப்பசி மழையில் ஒன்று காயும்போது இன்னொன்று கைக்கு ஆகும். பிடிக்காவிட்டால் எழுதுங்கள், புரூயேரே வாங்கிவிடலாம். ஆனால் காசு உங்கள் பிரெஞ்சு பென்ஷனிலிருந்துதான்.

பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்