பல்லவன் வண்டியில் வந்த ஆச்சிக்கு நன்றி

தைவானில் தத்தெடுத்த எங்கள் 16 மாத மகளுடன் பல்லவன் விரைவு வண்டியில் முதன்முறையாகக் காரைக்குடிக்கு வந்தபோது, திருச்சியைத் தாண்டியும் அழுகை நில்லாத அவளைத் தூக்கக் கை நீட்டாமல், முந்தானையால் விளக்கொளியை மறைத்து நின்ற ஆச்சி அவர்களே, உங்கள் பெயரைக் கேட்காமலே இறங்கிவிட்டோம். எங்களிடம் நன்கு ஒட்டிக்கொள்ளும்வரை குழந்தையைப் பிறர் கைக்கு மாற்றக் கூடாது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் எப்படிச் சொல்வதென்று தவித்திருந்தோம். வீட்டின் உள்முற்றமான வளவில் பாய் விரித்து எல்லோரையும் உட்காரச் சொல்லுங்கள், பிள்ளை தானாக வரட்டும் என்றீர்கள். அப்படியே செய்தோம். நகரத்தார் வழக்கப்படி ஒரே கோயிலைச் சேர்ந்த பங்காளிகளுக்குள் பிள்ளை கூட்டிக்கொள்வதையே, அதாவது தத்தெடுப்பதையே, கண்டு பழகிய எங்கள் அப்பத்தா, மூன்றாம் நாள் தளர்நடையிட்டு மடியில் வந்து அமர்ந்தவளை, வெகுநேரம் அசையாமல் ஏந்தியிருந்தார். அந்தப் படத்தை உங்களிடம்தான் முதலில் காட்ட விரும்பினோம்.